இரண்டாவது கிளச்

என் மனுசனுக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார். வேதக்கோயிலில் சுவாமியார் பிரசங்கம் தொடங்கினால் மெல்ல வெளியே வந்து, யாருடைய சைக்கிள் செயினாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். லொறி ஓடுகிற வேலை அவருக்கென்றே வந்து வாய்த்தது. புதுக்குடியிருப்பில் ஒரு அரிசி ஆலையின் லொறியை அவர்தான் ஓடினார். வன்னியில் அவருக்குத் தெரியாத வீதியோ ஒழுங்கையோ கிடையாது. நானும் அவருக்குக் குறைந்தவள் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். காலையில் எழுந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவேன். இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நாட்களில் சண்டைதான் வரும். அவர் ஓட்டத்தில் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும்.

தொண்ணூறில் யுத்தம் வந்து கரையை விட்டு ஓடிவந்து புதுக்குடியிருப்பில் கொட்டில் போட்டோம். ஆறு வருசத்துக்குப் பிறகு கரையில் இருந்த பட்டாள முகாம் இல்லாமற் போய், சனம் மெல்லமெல்லக் கரைக்குப் போய் வரத் தொடங்கியது. எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். பழைய வீட்டில் மிஞ்சியிருக்கிற கதவு நிலை, யன்னல், ஓடு எதுவென்றாலும் கழற்றிக்கொண்டு வருவது அந்த நாட்களில் வழக்கம். எங்கள் வீட்டு முன்கதவு வேப்பம் பலகை. அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடியால் வந்தவர் மிதிவெடியை மிதித்துவிட்டார். இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கதவு மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கொத்தி அடுப்பில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு அவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். வீதியால் போகிற ஒவ்வொரு வாகனத்தின் சத்தத்தையும் கேட்பார். "உவனுக்கு மூண்டில இருந்து ரெண்டுக்கு எடுக்கத் தெரியேல்லை" என்பார். "உந்த ட்ரக்டருக்குக் கிளச் பிளேட் முடிஞ்சுது" என்பார். நான் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கிளச் என்ற சொல் அவர் வாயில் வரும்போதெல்லாம் சட்டி பானையை உருட்டிச் சத்தம் போடுவேன். கிளச்சை மிதிப்பது இடதுகால்.

பொய்க்கால் பொருத்துகிற நிலையம் ஒன்று இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன். காயம் முற்றாக ஆறித் தசை வற்றவேண்டும், பிறகுதான் அளவெடுப்போம், ஐந்தாறு மாதம் பொறுங்கோ என்றார்கள். பொறு என்று அவருக்குச் சொல்வது கடலைப் பார்த்துச் சொல்வது போல. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், "நான் இனி வண்டி ஓடமாட்டன் போல" என்றார். அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரே தடவைதான். மகள் அப்போது முதலாம் வகுப்பு. அப்பா அழுகிறார் என்று ஓடிவந்து என்னிடம் சொன்னாள்.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து ஆலை முதலாளி வந்தார். ஆலையின் பின்பக்கம் ஒரு பாலை மரத்தடியில் பழைய பட்டாளத்து ஜீப் ஒன்று நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் விட்டுப் போனது என்று சொல்வார்கள். எங்கள் நாட்டு வழக்கத்துக்கு மாறாக ஸ்ரியரிங் இடப்பக்கம். சீற்றில் கோழி அடைகாத்தது. "தம்பி, உந்த ஜீப்பைக் கழட்டிப் பூட்டிக்கொண்டிரும். மனம் ஆறும்" என்றார் முதலாளி. இரும்பைக் கொடுத்து ஆளைச் சமாளிக்கப் பார்த்தார், பாவம். ஆலை ஆட்கள் மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து எங்கள் முற்றத்தில் விட்டார்கள். எனக்கு அதைப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. பச்சை நிறம், தட்டையான மூஞ்சி, பார்த்தவுடன் பட்டாளம். மேலே குண்டு போடுகிற பிளேன் பறக்கிற ஊரில் இந்த உருவத்தை முற்றத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் நிலத்தில் சாக்கை விரித்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றினார். அந்தக் காலத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி வராது, பெற்றோல் வராது, உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை. கடதாசி மட்டையில், எஞ்சின் பூட்டுகளுக்கு இடையில் வைக்கிற கஸ்கெற் வெட்டினார். என் பழைய செருப்பில் றப்பர் வோசர் வெட்டினார். கோயிலுக்கு மட்டும் போடுகிற செருப்பு அது. கேட்டால், "வெறுங்காலோட போனால் ஆண்டவர் கோவிக்கமாட்டார்" என்றார். நான் கோவித்தேன். ஆனால் அவர் பகிடி விட்டது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது.

கிடைத்த பழைய பற்றரியில் பொறிக்கு மட்டும்தான் வலு இருந்தது, அதனால் முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பவேண்டும். ஒரு காலில் நின்று அதைச் சுற்ற முடியாது. அந்த வேலை எனக்கு வந்தது. சேலைன் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலைவிட்டு, அதன் ரியூப்பைக் காபரேற்றருக்குள் வைத்திருந்தோம். வன்னி முழுக்க அப்படித்தான் ஓடியது. நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சின் எழும்பும், சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நான் கைபிடியைச் சுற்ற, அது பின்னால் உதைத்து என் மணிக்கட்டு வீங்கியது. "பெருவிரலை உள்ளுக்க மடக்காதை எண்டு சொன்னனான் எல்லே!" என்று அவர் கத்தினார். "சொன்னனீங்கள், ஆனா அது எனக்கு உதைச்ச பிறகு!" என்று நானும் கத்தினேன். அதற்குள் எஞ்சின் இருமிப் புகையைக் கக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வாயை மூடினோம். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கதிரையில் இருந்த ஆள் இல்லை அது.

எஞ்சின் எழும்பியது, சரி. மிதிப்பது யார்?

அதற்கு அவர் முன்பே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார், எனக்குத்தான் சொல்லவில்லை. முதலில் கையால் இழுக்கிற ஒரு தடி பொருத்திப் பார்த்தார். ஒரு கை தடியில், ஒரு கை கியரில் என்றால் ஸ்ரியரிங்கை யார் பிடிப்பது? வேலியை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மரவள்ளிக்குள் போய் நின்றார். பிறகு வெல்டிங் அடிக்கிற மனிசன் ஒருவரைக் கூட்டிவந்தார். கிளச் பெடலின் அச்சுத்தண்டை அடியால் வலப்பக்கம் வரைக்கும் நீட்டி, அங்கே இன்னொரு பெடல் பொருத்தினார்கள். வாகனம் ஓடப் பழக்குகிறவர்களின் காரில் பக்கத்தில் இருப்பவருக்கும் பெடல் இருக்குமே, அதே மாதிரி. இரண்டும் ஒரே தண்டில். ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். வேலை முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"ஏறு."

"நானோ?"

"வேற ஆர்? எனக்கு இன்னொரு மனுசி இருக்கிறாளோ?"

அப்படித்தான் ஒரு வண்டிக்கு இரண்டு சாரதி ஆனோம். ஸ்ரியரிங், கியர், பிரேக், அக்ஸிலேற்றர் எல்லாம் அவர். கிளச் நான். "மிதி" என்பார், மிதிப்பேன். கியரை மாற்றுவார். "விடு, மெல்ல விடு, மெல்ல எண்டு சொன்னனான்!" ஜீப் தவளை போலக் குதித்து நிற்கும். மறுபடியும் இறங்கிப் போய்க் கைபிடியைச் சுற்றுவேன். முதல் வாரம் எங்கள் ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் எங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

பச்சை நிறத்தோடு அதை வீதிக்கு எடுக்க நான் விடவில்லை. என் தம்பியின் படகுக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற் இருந்தது. இரண்டு நாள் இருந்து முழுவதும் நானே பூசினேன். "தண்ணிக்குள்ள இறக்கப்போறியளோ?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் ஒன்றுக்கு மட்டும் தடை சொன்னார்: மினுக்கக் கூடாது. மினுக்கினால் நல்ல வண்டி என்று யாராவது கேட்டு வருவார்கள். ஆகவே பூசிமுடித்த கையோடு சேற்றை அள்ளி அப்பினேன். நீலமும் சேறுமாக அது பட்டாளத்தையும் போல இல்லை, வேறெதையும் போலவும் இல்லை.

வேலை தானாக வந்தது. மகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு விடியமுன் வெளிக்கிடுவோம். கரையில் வலை இழுப்பவர்களுக்கு மீனை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஐஸ் இல்லை. வெயில் ஏறமுன் புதுக்குடியிருப்புக்குப் போய்ச் சேராவிட்டால் மீன் கருவாட்டுக்குத்தான். மணலில் லொறி இறங்காது. எங்கள் ஜீப்புக்கு நாலு சில்லும் இழுக்கும். கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தடியை அவர் தள்ளினால் முன்சில்லும் மணலைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். அந்த நேரம் கிளச்சை அரைவாசியில் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். என் தொடை நடுங்கும். ஒரு மயிரிழை கூட விட்டால் சில்லுப் புதைந்துவிடும். "பிடி, பிடி, பிடி" என்பார். பிடிப்பேன். மேட்டில் ஏறியதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வரும்.

சில வாரங்களில் அவர் "மிதி" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். எஞ்சின் சத்தம் தாழும், அவருடைய வலக்கை கியரை நோக்கி இறங்கும், என் கால் தானாகப் போய்விடும். வீட்டில் சண்டை என்றால் அன்றைக்குக் கிளச்சைப் படாரென்று விட்டு அவர் நெஞ்சை ஸ்ரியரிங்கில் இடிக்கவைப்பேன். அவர் பழிவாங்க, சொல்லாமல் கியரைப் போட்டுப் பல்லைக் கறகறக்க வைப்பார். சந்தையில் சனம் சிரிக்கும். என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த காலம் எது என்று கேட்டால், அந்த மீன்நாற்றம் பிடித்த மாதங்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற வருத்தத்துக்கு ஒரு மருந்து கிடைத்திருந்தது.

காயம் ஆறி நாளாகிவிட்டது. பொய்க்காலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒருநாள் காலை, பெட்டி நிறைய மீனோடு வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வயல், மறைப்பே இல்லாத வெளி. எங்கள் எஞ்சின் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் போன சைக்கிள்காரர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்ததைக் கண்டபிறகுதான் விளங்கியது. கிபிர் பிளேன். அந்தச் சத்தம் கேட்டால் வாகனத்தில் இருப்பவர்கள் குதித்து ஓடிக் குப்புறப் படுக்கவேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் மூச்சுவிடுவது போலப் பழகிப்போயிருந்தது.

"குதி!" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். ஊன்றுதடி பின்னால் மீன்பெட்டிக்கு அடியில். அவர் அதை எடுத்து இறங்கி வாய்க்காலுக்குப் போவதற்குள் பிளேன் இரண்டு தரம் வந்துபோகும்.

"நீங்கள்?"

"என்னைப் பாராதை, குதியடி!"

நான் குதித்தால் கிளச் மிதிக்க ஆளில்லை, வேகம் குறைந்ததும் எஞ்சின் நின்றுவிடும். நடுவெளியில், பட்டாள உருவம் உள்ள ஒரு ஜீப்புக்குள், ஒற்றைக்காலோடு அவர் தனியே இருப்பார். மேலே இருப்பவனுக்கு நீலப் பெயின்ற் எங்கே தெரியப்போகிறது? தூரத்தில் குளக்கட்டோடு ஒரு மருதமரம் தெரிந்தது. "அந்த மரத்தடிக்கு விடுங்கோ!" என்று கத்தினேன். அவர் எனக்குச் சொல்லத்தகாத வார்த்தைகளால் ஏசினார். நான் திருப்பி அவருடைய தாய் தகப்பனையும் சேர்த்து ஏசினேன். ஊரே வாய்க்காலுக்குள் குப்புறக் கிடக்க, நாங்கள் இரண்டு பேரும் நடுவீதியில் ஜீப்பில் இருந்து சண்டை பிடித்தோம். குளக்கட்டில் ஏறக் கியர் குறைக்கவேண்டும். அவர் கை இறங்கியது, நான் மிதித்தேன், விட்டேன். ஏறி மரத்துக்குக் கீழே நின்றோம். நிலம் அதிர்ந்தது. குண்டு எங்களுக்கு இல்லை, வேறு யாருக்கோ. காட்டுக்கு அப்பால் புகை எழும்பியது.

வாய்க்காலில் இருந்து எழுந்து வந்த ஒருவர், "அக்கா, உங்களுக்கென்ன விசரோ? குதிச்சிருக்கலாமே" என்றார். என் கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. என் மனுசன் குனிந்து இரண்டு கையாலும் என் காலைத் தூக்கி விட்டார்.

அடுத்த நாள் காலை ஊன்றுதடியோடு தனியே பஸ் ஏறிப் போனார். பொய்க்காலுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் கேட்கவும் இல்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. எனக்குச் சுரீரென்றது. நான் அவர் சொல்லைக் கேட்காததால் வந்த கோபம் என்று நினைத்தேன். அல்லது மனுசியின் காலில் வண்டி ஓடுகிறவன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், ஆம்பிளைத் திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். கால் வந்தது. முற்றத்தில் நடந்து பழகினார். தோல் உரசிப் புண்ணாகியது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பிறகு ஒருநாள் ஜீப்பில் ஏறி, என்னைக் கைபிடியை மட்டும் சுற்றச் சொன்னார். சுற்றினேன். என்னை ஏறச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. ஒழுங்கையால் தனியே போனார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒரு கறகறப்பும் இல்லை. அவர் மறுபடி சாரதி ஆகிவிட்டார். இதற்காகத்தான் நான் அவ்வளவு செபம் சொன்னேன். இருந்தும் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று விம்மினேன்.

திரும்பி வந்தவர், "நாளைக்கு வெல்டிங் ஆள் வாறார். உந்த ரெண்டாவது பெடலை வெட்டப்போறன்" என்றார்.

"ஏன், அது உங்களைக் கடிக்குதோ?"

"வெட்டினால்தான் நீ வீட்டில நிப்பாய்."

"நான் ஏன் வீட்டில நிக்கவேணும்? இவ்வளவு நாளும் ஆரின்ரை காலில ஓடினனீங்கள்?"

நான் இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய வழக்கமில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அண்டைக்கு நீ குதிக்கேல்லை. நான் கால் இல்லாமக் குதிக்கேல்லை, நீ கால் இருந்தும் குதிக்கேல்லை. ஒரு குண்டில ரெண்டு பேரும் போயிருப்பம். உன்ர அக்கா வீட்டில பிள்ளை எங்களைப் பாத்துக்கொண்டிருந்திருக்கும்." மகள் விளையாடிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். "அவளுக்கு ஒராள் எண்டாலும் மிஞ்சவேணும். ரெண்டு பேரும் ஒரு வண்டியில இனி ஏறக்கூடாது."

அவரைத் தவறாக நினைத்ததற்கு வெட்கப்படவும் நேரம் இருக்கவில்லை, அவர் சொன்ன நியாயம் அப்படி வந்து விழுந்தது. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் போக, நான் கதிரையைப் போட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? அந்தக் கதிரையில் இருந்த மனிசனை நான் பார்த்தவள்.

"அப்ப எனக்கு முழுசா ஓடப் பழக்குங்கோ" என்றேன். "ஒரு நாள் நீங்கள் போங்கோ, ஒரு நாள் நான் போறன். போகாத ஆள் பிள்ளையோட."

அவருடைய புண்ணுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறுதல் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "பெருவிரலை உள்ளுக்க மடக்கமாட்டாய் எண்டு சத்தியம் பண்ணு" என்றார்.

பழகுவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. பாதி எனக்கு முன்பே தெரியும். ஒழுங்கைக்குள் மட்டும் அவர் வலப்பக்கம் இருந்து சொல்லித் தந்தார். கியரைத் தேடி என் கை தடுமாறும்போது அவர் கை பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். வெல்டிங் ஆள் வேறு வேலையில் இழுபட்டு வராமலே விட்டார். நாங்களும் ஆள் அனுப்பவில்லை.

நான் தனியே கரைக்குப் போன முதல்நாள், அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றார். பிரசங்கத்துக்கே நிற்கத் தெரியாத மனிசன் அசையாமல் நின்றார். நான் கைபிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பி, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். "போட்டு வாறன்" என்றேன். "பிளேன் வந்தால் குதி. ஜீப் கிடக்கட்டும்" என்றார். "ஓம்" என்றேன். அது பொய்யில்லை. குதிப்பதற்கு இப்போது எனக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

ஒழுங்கை முடிந்து வீதிக்கு ஏறுகிற இடத்தில் கியர் மாற்றவேண்டும். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, கால் தானாகப் போனது. மிதித்தேன். ஆள் இல்லாத சீற்றுக்கு முன்னால் அந்த இரண்டாவது பெடலும் என்னோடு சேர்ந்து இறங்கியது. அழுகை வந்தது. அழுதுகொண்டே இரண்டாவது கியரைப் போட்டேன். மெல்ல விட்டேன். அது மறுபடி மேலே வந்தது. அந்த ஜீப் எங்களிடம் இருந்த கடைசி நாள் வரைக்கும் நாங்கள் இருவரும் ஒன்றாக அதில் வீதிக்குப் போகவில்லை.